வேதமும் ஜெபமும் வீட்டிலேயே இருக்கும்போது சபை எதற்கு?

கேள்வி சுருக்கமாக இது: "இயேசுவை விசுவாசிக்கிறேன். தினமும் வேதம் வாசிக்கிறேன், ஜெபம் செய்கிறேன். நல்ல பிரசங்கம் கேட்க வேண்டுமென்றால் கைபேசியிலேயே ஆயிரம் இருக்கிறது. அப்புறம் எதற்கு ஒரு சபையில் அங்கத்தினராக இருக்க வேண்டும்? அது அந்தக் காலத்துப் பழக்கம்தானே?"

உண்மையிலேயே யோசித்துக் கேட்டிருக்கிறீர்கள் என்பது தெரிகிறது, அதனால் நானும் நேராகவே சொல்லிவிடுகிறேன். இன்றைக்கும் வேண்டும். இருபது வருடத்துக்கும் மேலாக ஒரு சபையின் மூப்பர்களில் ஒருவராக இருந்து, அதன் நல்லதையும் கெட்டதையும் கிட்டத்தில் பார்த்த பிறகும் இதைத்தான் சொல்கிறேன். நீங்கள் வீட்டில் செய்கிற வேத வாசிப்பும் ஜெபமும் மட்டமானவை என்று சொல்ல வரவில்லை. அவை இரண்டும் இல்லாமல் சபைக்கு மட்டும் வந்து உட்கார்ந்துவிட்டுப் போகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அது வேறு வருத்தம். ஆனால் நீங்கள் சொன்ன மூன்றிலும் ஒன்றைக் கவனியுங்கள். ஒரு வாரம் நீங்கள் அவற்றைச் செய்யாமல் விட்டால் உங்களைத் தவிர வேறு யாருக்கும் அது தெரியாது. கைபேசியில் பேசுகிற பிரசங்கியாருக்கு நீங்கள் கேட்டீர்களா, பாதியில் தூங்கிவிட்டீர்களா என்று தெரியாது, நீங்கள் உயிரோடு இருக்கிறீர்களா என்றுகூடத் தெரியாது. சபையில் நீங்கள் வராத ஞாயிறு உங்கள் இடம் காலியாகத் தெரியும். சபைக்குப் போவதற்கும் சபையில் ஒருவராக இருப்பதற்கும் நான் பார்க்கிற வித்தியாசம் இதுதான், மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

தனி ஜெபத்திலிருந்தே தொடங்குவோம். தனியாக இருந்தால் போதும் என்பவர்கள் ஆதாரமாகக் காட்டுவது பெரும்பாலும் மத்தேயு 6ஆம் அதிகாரத்தைத்தான்: 'உன் அறைவீட்டுக்குள் பிரவேசித்து, உன் கதவைப் பூட்டி' ஜெபம் பண்ணு என்கிறார் ஆண்டவர். சரி. மூன்று வசனம் தள்ளி அவரே கற்றுக்கொடுக்கிற ஜெபம் எப்படித் தொடங்குகிறது? 'எங்கள் பிதாவே.' கதவு பூட்டியிருக்கிறது, உள்ளே ஒரே ஆள், ஆனால் வாயிலிருந்து வருவது 'எங்கள்'. எங்களுக்கு வேண்டிய ஆகாரம், எங்கள் கடன்கள், எங்களை இரட்சித்துக்கொள்ளும். அந்த ஜெபம் முழுவதிலும் 'என்' என்ற சொல் ஓரிடத்தில்கூட இல்லை. பூட்டிய அறைக்குள்ளும் மற்றவர்களைக் கூட்டிக்கொண்டு போகாமல் இயேசு சொன்ன ஜெபத்தைச் சொல்ல முடியாது. அந்த 'எங்கள்' யார் யார் என்று நீங்கள் ஒரு நாள் உங்களையே கேட்டுப் பாருங்கள். முகமும் பெயரும் வந்தால் நல்லது. ஒருவரும் வரவில்லை என்றால் உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் அதிலேயே இருக்கிறது.

இன்னொன்று, இது தமிழில் வாசிக்கிறவர்களுக்கு எளிதாகக் கிடைக்கிற ஒரு விஷயம். நம்முடைய பழைய திருப்புதல் வேதாகமத்தில் ஒருவரைக் கூப்பிட 'நீ' வரும், மரியாதையாக என்றால் 'நீர்' வரும். 'நீங்கள்' வந்தால் அது பன்மை. இன்றைய பேச்சில் ஒரே ஆளை மரியாதைக்கு 'நீங்கள்' என்று சொல்லிப் பழகிவிட்டதால், 1 கொரிந்தியர் 3:16இல் 'நீங்கள் தேவனுடைய ஆலயமாயிருக்கிறீர்கள்' என்று வாசிக்கும்போது 'என்னைத்தான் சொல்கிறார்' என்று எடுத்துக்கொள்கிறோம். பவுல் கிரேக்கத்தில் எழுதியதும் பன்மையில்தான். கொரிந்துவில் கூடிவந்த அந்த ஜனங்கள் எல்லாரும் சேர்ந்து ஒரு ஆலயம் என்கிறார். அவருடைய நிருபங்களில் பெரும்பாலானவை சபைகளுக்கு எழுதப்பட்டவை, கூட்டத்தில் உரக்க வாசிப்பதற்காக. கொலோசெயர் 4:16இல் 'இதை லவோதிக்கேயா சபையிலும் வாசிக்கச் செய்யுங்கள்' என்று வெளிப்படையாகவே சொல்கிறார். நீங்கள் காலையில் தனியாக வாசிக்கிற பகுதி, முதன்முதலில் ஒரு கூட்டம் சேர்ந்து உட்கார்ந்து கேட்ட கடிதம்.

அந்தக் கடிதங்கள் கேட்கிற காரியங்களும் அப்படித்தான். ஒருவர் பாரத்தை ஒருவர் சுமக்கச் சொல்கிறார்கள், குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிடச் சொல்கிறார்கள், மன்னிக்க, பொறுத்துக்கொள்ள, புத்தி சொல்ல, அழுகிறவர்களோடு அழச் சொல்கிறார்கள். இதில் எதைத் தனியாகச் செய்ய முடியும்? நான்காம் நூற்றாண்டில் செசரியாவின் பேராயராக இருந்த பசிலியு இதைத்தான் கேட்டார். அந்தக் காலத்தில் பரிசுத்தமாக வாழ வேண்டுமென்று பலர் வனாந்தரத்துக்குத் தனியே போய்க்கொண்டிருந்தார்கள். பசிலியு எகிப்திலும் பாலஸ்தீனாவிலும் அவர்களை நேரில் போய்ப் பார்த்தவர், அவர்கள்மேல் மரியாதை வைத்திருந்தவர். இருந்தாலும் துறவிகளுக்கு எழுதிய விதிகளில், தனியாகவே இருந்தால் யாருடைய கால்களைக் கழுவுவாய், யாரைப் பராமரிப்பாய், யாருக்குப் பின்னால் கடைசியாக நிற்பாய் என்று கேட்டுவிட்டார். சீஷர்களின் கால்களை இயேசு கழுவினார், நீங்களும் அப்படிச் செய்யுங்கள் என்றார். கழுவ ஒரு கால் வேண்டுமே. அந்த பசிலியுதான் தன் ஊருக்கு வெளியே நோயாளிகளுக்கும் ஏழைகளுக்கும் குஷ்டரோகிகளுக்கும் ஒரு பெரிய காப்பகத்தைக் கட்டி நடத்தியவர், அதனால் இதை அவர் வெறும் வார்த்தையாகக் கேட்கவில்லை.

உங்கள் கேள்வியை உங்களுக்கு முன்னாலேயே ஒருவர் கேட்டிருக்கிறார், சுமார் 355ஆம் வருடத்தில். ரோமில் விக்டோரினுஸ் என்று ஒரு பேராசிரியர். சொற்பொழிவுக் கலையில் அவ்வளவு பெயர் பெற்றவர், உயிரோடு இருக்கும்போதே பொது மன்றத்தில் சிலை வைத்திருந்தார்கள். வயதான காலத்தில் வேதத்தையும் கிறிஸ்தவ நூல்களையும் ஆராய்ந்து படித்துவிட்டு, சிம்ப்ளிசியான் என்ற தன் நண்பரிடம், அதுவும் இரகசியமாக, 'நான் ஏற்கெனவே கிறிஸ்தவன்தான், தெரியுமா?' என்றாராம். நண்பர் ஒப்புக்கொள்ளவில்லை. 'உம்மை சபையில் பார்க்கிற வரைக்கும் நம்ப மாட்டேன்' என்றார். விக்டோரினுஸ் சிரித்துக்கொண்டே கேட்டார்: 'சுவர்களா ஒருவனைக் கிறிஸ்தவனாக்கும்?' இது பல தடவை நடந்ததாம். இதையெல்லாம் அந்த சிம்ப்ளிசியானிடமே கேட்டுத் தன் ஒப்புதல் நூலில் எழுதி வைத்த அகுஸ்தீன் (பின்னாளில் வட ஆப்பிரிக்காவில் பேராயரானவர்), ஒரு உண்மையையும் சேர்த்துச் சொல்கிறார்: விக்டோரினுஸ் பயந்தது சுவர்களுக்காக அல்ல, செல்வாக்குள்ள தன் நண்பர்கள் என்ன நினைப்பார்களோ என்றுதான். பிறகு ஒரு நாள் திடீரென்று வந்து 'வாரும், சபைக்குப் போகலாம், நான் கிறிஸ்தவனாக வேண்டும்' என்றார். ஞானஸ்நானத்துக்கு முன் விசுவாச அறிக்கையை எல்லார் முன்னிலையிலும் உயரமான இடத்தில் நின்று சொல்ல வேண்டும். கூச்சப்படுகிறவர்களுக்குக் கொடுக்கிற சலுகையாக, தனியாகச் சொல்லிவிடலாம் என்று மூப்பர்கள் சொல்லியும் அவர் கேட்கவில்லை. மேலே ஏறியதும், கூட்டம் சந்தோஷத்தில் 'விக்டோரினுஸ், விக்டோரினுஸ்' என்று அவர் பெயரைச் சொல்லி முணுமுணுத்ததாம். 362இல் கிறிஸ்தவர்கள் இலக்கியம் கற்பிக்கக் கூடாது என்று பேரரசர் யூலியான் சட்டம் போட்டபோது அவர் பள்ளியை விட்டாரே தவிர விசுவாசத்தை விடவில்லை.

சுவர்கள் யாரையும் கிறிஸ்தவனாக்காது, அதில் விக்டோரினுஸ் சொன்னது சரிதான். ஆனால் மனதுக்குள் மட்டும் வைத்திருக்கிற விசுவாசத்தை எந்த நிமிடமும், யாருக்கும் தெரியாமல், எதையும் இழக்காமல் கீழே வைத்துவிடலாம். நாலு பேர் முன்னால் பெயர் சொல்லி ஒப்புக்கொண்டதை அப்படி வைக்க முடியாது.

இப்போது என் சொந்தக் காரியம் ஒன்று. என் தம்பி இறந்த பிறகு ஏறக்குறைய நான்கு மாதம் என்னால் ஆராதனையில் பாட முடியவில்லை. விசுவாசம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன், தொண்டையில் ஏதோ அடைத்துக்கொண்டது, 'கர்த்தர் நல்லவர்' என்ற வார்த்தை வாயில் வரவில்லை. எனக்குப் பக்கத்தில் எப்போதும் உட்காருகிற ஒரு பெரியவர் இருந்தார். எங்களுக்குள் பெரிய நட்பு ஒன்றும் கிடையாது, சபைக் கூட்டங்களில் இரண்டு மூன்று தடவை காரசாரமாக மோதியும் இருக்கிறோம். அவர் என்ன செய்தார் என்றால், தன் பாட்டுப் புத்தகத்தை எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் பிடித்து, பாடிக்கொண்டே வரிக்குக் கீழே ஆள்காட்டி விரலை மெதுவாக நகர்த்திக்கொண்டு போனார், சின்னப் பிள்ளைக்கு வாசிக்கச் சொல்லிக் கொடுக்கிற மாதிரி. நகம் கறுத்த, தடித்த விரல். என் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை, ஆறுதல் வார்த்தை ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறும் அப்படியே, அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே. எத்தனை வாரம் என்று நினைவில்லை. ஒரு நாள் மூன்றாவது சரணத்தில் என்னை அறியாமலே குரல் வந்துவிட்டது. அப்போதும் அவர் ஒன்றும் சொல்லவில்லை, விரலை மட்டும் எடுத்துக்கொண்டார்.

அந்த நான்கு மாதமும் நான் வீட்டில் தனியாக இருந்திருந்தால் என்ன ஆகியிருப்பேன் என்று எனக்குத் தெரியாது. மாற்கு 2ஆம் அதிகாரத்தில் திமிர்வாதக்காரனை நாலு பேர் சுமந்து வந்து, கூட்டத்தால் உள்ளே போக முடியாமல் கூரையைப் பிரித்து இறக்குகிறார்களே, அங்கே 'இயேசு அவர்கள் விசுவாசத்தைக் கண்டு' என்று எழுதியிருக்கிறது. அவர்கள் விசுவாசத்தை. படுத்திருந்தவனுக்கு அன்றைக்கு விசுவாசம் இருந்ததா இல்லையா என்று வேதம் தனியாக எதுவும் சொல்லவில்லை. நமக்கு விசுவாசம் இருக்கிற நாட்களில் சபை தேவையில்லாதது போலத்தான் தோன்றும். படுத்துக்கிடக்கிற நாளில்தான் நாலு பேர் தேவைப்படும், அந்த நாலு பேரை அன்றைக்குத் தேட முடியாது. நீங்கள் நன்றாக இருக்கும்போது வேறொருவருடைய படுக்கையின் ஒரு முனையைப் பிடித்திருக்க வேண்டும், இரண்டும் சேர்ந்ததுதான் சபை.

கிட்டத்தட்ட 155ஆம் வருடம் ரோமில் யுஸ்தீன் என்பவர், கிறிஸ்தவர்கள் என்னதான் செய்கிறார்கள் என்று பேரரசருக்கு விளக்கி எழுதினார். பின்னால் இரத்தசாட்சியாக மரித்தவர் அவர். ஞாயிறு அன்று எல்லாரும் ஓரிடத்தில் கூடுவது, அப்போஸ்தலர்களின் நினைவுக் குறிப்புகளையும் தீர்க்கதரிசிகளையும் வாசிப்பது, போதிப்பது, எழுந்து நின்று ஜெபிப்பது, அப்பமும் திராட்சரசமும் பகிர்வது, வசதி உள்ளவர்கள் மனதாரக் கொடுக்கிற காணிக்கையில் அநாதைகளையும் விதவைகளையும் நோயாளிகளையும் சிறையில் இருப்பவர்களையும் அந்நியரையும் தாங்குவது என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகிறார். அதில் எனக்கு மிகவும் பிடித்தது நடுவில் வருகிற ஒரு சின்ன விவரம்: வர முடியாதவர்களுக்கு உதவிக்காரர்கள் அந்த அப்பத்தைக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். அப்படியென்றால் யார் வரவில்லை என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது, வீடு எங்கே என்றும் தெரிந்திருக்கிறது.

அந்த வேலையை நானும் செய்திருக்கிறேன். படுக்கையை விட்டு எழ முடியாத ஒரு வயதான அம்மாவுக்கு, திருவிருந்து ஞாயிறுகளில் போதகரோடு நானும் போவேன். அப்பத்தை வாங்குவதற்கு முன்னால் அவர் ஒவ்வொரு முறையும் ஒரே கேள்வியைக் கேட்பார்: "இன்னைக்கு யார் யார் வந்திருந்தாங்க?" பொதுவாக 'நிறையப் பேர் வந்தாங்க அம்மா' என்று சொன்னால் விட மாட்டார். முதல் வரிசை ஜன்னல் ஓரத்திலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு வரிசையாகப் பெயர் சொல்ல வேண்டும், அவர் கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டிக்கொண்டே கேட்பார். யாராவது விட்டுப்போனால், "அந்தத் தூண் பக்கத்தில இருக்கிற பிள்ளை வரலையா?" என்பார். எல்லாப் பெயரும் முடிந்த பிறகுதான் கையை நீட்டுவார். அவர் கேட்கிறார் என்பதற்காகவே நான் ஆராதனை முடிந்ததும் யார் வந்திருக்கிறார்கள் என்று பார்க்கப் பழகினேன், அதற்கு முன்னால் நான் பார்த்ததே இல்லை என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

கைபேசியில் பார்க்கிற நேரலை ஆராதனையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2020இல் பெருந்தொற்றுக் காலத்தில் உலகம் முழுக்க ஆலயக் கதவுகள் மூடிக் கிடந்தபோது அது எவ்வளவு பெரிய உதவியாக இருந்தது என்று எனக்குத் தெரியும், இன்றைக்கும் வெளியே வர முடியாதவர்களுக்கு அது வேண்டும். ஆனால் திரையில் நீங்கள் அவர்களைப் பார்க்கிறீர்கள், அவர்கள் உங்களைப் பார்ப்பதில்லை. அதோடு, எதைக் கேட்பது என்பதையும் நீங்களே தேர்ந்தெடுக்கிறீர்கள். மனதைக் குத்தினால் அடுத்ததுக்குப் போய்விடலாம். சபையில் அன்றைக்கு நியமிக்கப்பட்ட பகுதி எதுவோ அதைத்தான் கேட்டாக வேண்டும், நான் பல வருடம் தவிர்த்துவந்த வசனங்கள் எனக்கு அப்படித்தான் வந்து சேர்ந்தன. யாக்கோபு 5:14 'உங்களில் ஒருவன் வியாதிப்பட்டால், அவன் சபையின் மூப்பர்களை வரவழைப்பானாக' என்கிறது. நீங்கள் வியாதிப்பட்டால் யாரை வரவழைப்பீர்கள்?

சபைக்குப் போவதால் உடலுக்கும் மனதுக்கும் நன்மை உண்டா என்று சிலர் கேட்பார்கள். ஆய்வுகள் இருக்கின்றன. 2016இல் அமெரிக்காவில் 74,534 பெண் செவிலியர்களை 16 வருடம் தொடர்ந்து கவனித்து வெளியிட்ட ஆய்வில், வாரத்துக்கு ஒரு முறைக்கு மேல் ஆராதனைக்குப் போனவர்கள் அந்தக் காலத்தில் இறப்பதற்கான வாய்ப்பு, போகாதவர்களைவிட 33 சதவீதம் குறைவாக இருந்தது. மற்றவர்களின் ஆதரவு கிடைப்பது அதற்கு ஒரு பங்கு காரணம் என்றும் சொன்னார்கள். அது ஒரு குறிப்பிட்ட தொழிலில் இருந்த பெண்களைப் பற்றியது, இதுதான் காரணம், இதுதான் விளைவு என்று அறுதியிட்டுச் சொல்லவும் முடியாது. எனக்கு அது ஆச்சரியமாக இல்லை, அவ்வளவுதான். ஆயுள் கூடும் என்று சபைக்கு வருகிறவர் முதல் இழப்பிலேயே போய்விடுவார்.

இனி கஷ்டமான பகுதி. 'சபையில் எனக்கு நடந்தது உங்களுக்குத் தெரியாது' என்று பலர் சொல்வார்கள், அவர்களிடம் நான் வாதாடுவதில்லை. பதவிச் சண்டை, பணக் கணக்கில் இருட்டு, ஏழையை ஒரு மாதிரியும் பணக்காரரை ஒரு மாதிரியும் நடத்துவது, இதெல்லாம் நானும் பார்த்ததுதான். அதைவிடக் கொடுமையும் உண்டு: 2021இல் பிரான்ஸில் ஒரு சுயாதீன ஆணையம், 1950 முதல் அங்கே கத்தோலிக்கக் குருக்களாலும் துறவியராலும் பாலியல் கொடுமைக்கு ஆளான சிறார் ஏறக்குறைய 2,16,000 பேர் என்று மதிப்பிட்டது. இதைப் படித்துவிட்டும் 'சபையில் எல்லாம் நல்லபடியாக இருக்கிறது' என்று பேசுகிறவரோடு எனக்குப் பேச்சில்லை. உங்களுக்கு அப்படி ஏதாவது நடந்திருந்தால் அந்த இடத்தை விட்டு வெளியே வாருங்கள், காவல்துறையில் சொல்லுங்கள், அங்கேயே பொறுத்துக்கொண்டு இருங்கள் என்று எந்த வசனத்தைக் காட்டியும் யாரும் உங்களுக்குச் சொல்லக் கூடாது.

ஆனால் கொடுமை வேறு, மனஸ்தாபம் வேறு. மனஸ்தாபம் இல்லாத சபையைத் தேடினால் புதிய ஏற்பாட்டிலேயே கிடைக்காது. கொரிந்து சபையில் கட்சி கட்டினார்கள், ஒருவர்மேல் ஒருவர் வழக்குப் போட்டார்கள், கர்த்தருடைய பந்தியில் ஒருவன் பசியாக இருக்க இன்னொருவன் வெறிகொண்டிருந்தான். பவுல் கடுமையாகத் திட்டுகிறார். ஆனால் 'இப்படிக் கூடுவதற்கு அவனவன் வீட்டிலேயே அப்பம் பிட்டுக்கொள்ளுங்கள்' என்று சொல்லவில்லை. 'கூடிவரும்போது, ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள்' என்றார். ஹிட்லர் காலத்து ஜெர்மனியில் 1935 முதல் 1937இல் இரகசியக் காவல்துறை மூடும் வரை போதகர்களுக்கான பயிற்சி நிலையம் ஒன்றை நடத்திய போன்ஹோஃபர், ஒன்றை எச்சரித்தார்: கண் முன்னால் இருக்கிற சபையைவிடத் தன் மனதில் இருக்கிற கனவுச் சபையை அதிகம் நேசிக்கிறவன், எவ்வளவு நல்ல எண்ணத்தோடு வந்தாலும் சபையைக் கெடுத்துவிடுவான். நானும் அப்படி ஒரு கனவோடு அலைந்தவன்தான். நான் விரும்பித் தேர்ந்தெடுத்திருக்கவே மாட்டாத ஆட்கள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது சபையின் குறை என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். பாட்டுப் புத்தகம் பிடித்த அந்தப் பெரியவரை நானாகத் தேர்ந்தெடுத்திருக்க மாட்டேன்.

எந்தச் சபை என்று கேட்டால், பிரிவுகளைப் பற்றிய விவாதத்துக்குள் நான் போகவில்லை. வேதம் உண்மையாகப் போதிக்கப்பட வேண்டும், திருவிருந்தும் ஞானஸ்நானமும் ஒழுங்காக நடக்க வேண்டும், இது எல்லாருக்கும் தெரிந்ததுதான். அதற்கு மேல் இரண்டு விஷயம் பாருங்கள். வருடாந்தரக் கணக்கை அங்கத்தினர் முன் வைக்கிறார்களா, போதகர் தவறு செய்தால் அவரை நிறுத்திக் கேட்க யாருக்காவது அதிகாரம் இருக்கிறதா. இரண்டுக்கும் மழுப்பலான பதில் வந்தால் பிரசங்கம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் வேண்டாம். நூறு பேர் வருகிற இடமா ஆயிரம் பேர் வருகிற இடமா என்பது பெரிய காரியமில்லை. பெரிய இடமாக இருந்தால் வீட்டு ஜெபக்கூட்டம் மாதிரி சின்னக் குழு ஒன்றில் சேர்ந்துவிடுங்கள், இல்லையென்றால் பத்து வருடம் போனாலும் உங்களை யாருக்கும் தெரியாமல் போய்விடும்.

முதல் நாளே அங்கத்தினராகக் கையெழுத்துப் போடச் சொல்லவில்லை. ஒரே சபைக்கு ஆறு மாதம் விடாமல் போங்கள். ஒரே இடத்தில் உட்காருங்கள், பக்கத்தில் இருப்பவருக்கு நீங்கள் பழக்கமாவதற்கு அது உதவும். ஆசீர்வாதம் சொன்னதும் கிளம்பிவிடாமல் பத்து நிமிடம் நில்லுங்கள், அந்தப் பத்து நிமிடம் முதல் சில வாரங்களுக்குச் சங்கடமாகத்தான் இருக்கும், போகட்டும். ஏதாவது ஒரு வேலை கேளுங்கள், நாற்காலி அடுக்குவதாக இருந்தாலும் சரி. அப்புறம் உங்கள் வரிசையில் வழக்கமாக வருகிற ஒருவர் ஒரு ஞாயிறு வராமல் இருந்தால், மறுநாள் அவருக்கு ஒரு போன் போட்டு ஏன் வரவில்லை என்று கேளுங்கள்.